பழைய காரின் பெட்ரோல் முள்: சரி செய்ததும் அப்படியே விட்டதும்

முதலில் இப்போதைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். முள் முழு டேங்க் காட்டினால் நம்பலாம். பாதி காட்டினால் உள்ளே பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். காலுக்கு வந்துவிட்டால் கண்ணில் படும் முதல் பங்க்கில் வண்டியை விட்டுவிட வேண்டும். இதற்கு மேல் அதைத் துல்லியமாக்க நான் மெனக்கெடவில்லை. பழைய வண்டியில் முள் சரியாகக் காட்டுவதைவிட, எப்போதும் ஒரே மாதிரி காட்டுவதுதான் முக்கியம். அந்த ஒரே மாதிரி வருவதற்குள் டேங்க், ஓஸ், பம்ப் என்று மொத்த பெட்ரோல் லைனையும் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

வண்டி 1990களில் வந்த, கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் கார். கம்பெனி பெயர் வேண்டாம். அந்தத் தலைமுறை வண்டிகள் பலவற்றுக்கும் நான் சொல்வது பொருந்தும்.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய கார்களுக்கு ஒரு தனி வியாதி உண்டு. ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், படைப்பு என்று ஊருக்கு வரும்போதுதான் ஷெட் கதவு திறக்கும். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில், பெட்ரோலுக்கு மேலே இருக்கும் இடம் முழுக்கக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் அது ஈரக் காற்று. ராத்திரி தகரம் குளிர்ந்ததும் உள்பக்கம் வியர்க்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் வழிந்து அடியில் போய்த் தங்கிவிடும். மேல் தகரமும் துருப்பிடிக்கும், அடித் தகரமும் துருப்பிடிக்கும். என் வண்டியும் என்னிடம் வருவதற்கு முன் பள்ளத்தூரில் ஒரு ஷெட்டில் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தது.

முள் செய்த சேட்டை இதுதான்: டேங்கை வழிய வழிய நிரப்பினாலும் முக்காலுக்கு மேல் ஏறாது. மேடு பள்ளத்தில் கீழே இறங்கும், அப்புறம் மெதுவாக ஏறும். இதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி திணறி நின்றுவிடும். சற்று நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

கேட்டவர்கள் எல்லாரும் மீட்டரை மாற்றச் சொன்னார்கள். நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் மட்டும் டேஷ்போர்டில் கை வைக்கவே இல்லை. "அண்ணே, டெம்பரேச்சர் முள்ளையும் பாருங்க. ரெண்டும் சேர்ந்து பொய் சொன்னா கோளாறு முன்னாடி. இது மட்டும் சொன்னா பின்னாடி" என்றார். காரணம் இருக்கிறது. பழைய கார்கள் பலவற்றில் இந்த இரண்டு மீட்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான். பேட்டரி 12 வோல்ட் ஆனாலும் 14 ஆனாலும், அது ஏறக்குறைய 10 வோல்ட்டை மட்டும் மீட்டருக்குக் கொடுக்கும். அது பழுதானால் இரண்டு முள்ளும் ஒன்றாக ஏறும், இல்லையென்றால் ஒன்றாகப் படுக்கும். என் வண்டியில் டெம்பரேச்சர் முள் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆக, டேஷ்போர்டைப் பிரிக்கும் செலவு மிச்சம்.

அடுத்தது பின்பக்கம். டேங்க்குக்குள் ஒரு மிதவை, அதன் கம்பி முனையில் ஒரு ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) சுருள். மிதவை ஏற இறங்க ரெசிஸ்டன்ஸ் மாறும், அதை மீட்டர் முள்ளாகக் காட்டும். மெக்கானிக்குகள் இதை டேங்க் யூனிட் என்பார்கள். சில வண்டிகளில் டேங்க் நிறைந்தால் ரெசிஸ்டன்ஸ் குறையும், சிலவற்றில் கூடும். இது தெரியாமல் யூனிட் வாங்கக் கூடாது. ஒரு கடையில் "எல்லா வண்டிக்கும் சேரும்" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். கடையிலேயே மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் என் வண்டிக்கு நேர் எதிராக வேலை செய்தது. மாட்டியிருந்தால் பெட்ரோல் தீரத் தீர முள் ஏறியிருக்கும்!

யூனிட்டைக் கழற்றும் முன் எர்த்தை, அதாவது யூனிட்டிலிருந்து மின்சாரம் வண்டியின் பாடிக்குத் திரும்பும் இணைப்பை, பார்த்துவிடுவது நல்லது. என் வண்டி நிறைந்தால் ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. அந்த வகையில் எர்த் துருப்பிடித்துவிட்டால் கூடுதல் ரெசிஸ்டன்ஸ் வந்து ஒட்டிக்கொள்ளும், முள் எப்போதும் குறைத்தே காட்டும். முக்காலைத் தாண்டாததற்குப் பாதிக் காரணம் இதுதான். யூனிட்டின் ஸ்க்ரூவிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு வயர் இழுத்ததும் முள் ஏறிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் எல்லாரும் முதலில் செய்து பார்க்க வேண்டும் என்பேன். செலவு ஒரு டீக்காசு.

மேடு பள்ளத்தில் முள் இறங்குவது மட்டும் நிற்கவில்லை. யூனிட்டை வெளியே எடுத்து மிதவையைக் கையால் மெதுவாக உயர்த்தினால், மல்ட்டிமீட்டரில் எண் சீராக மாற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அறுந்து அறுந்து வந்தது. சுருளில் துருப்பொடி படிந்து, அதன்மேல் நகரும் தகடு தேய்ந்திருந்தது. துருப்பொடி எங்கிருந்து வந்தது என்று டார்ச் அடித்து டேங்க்குக்குள் எட்டிப் பார்த்ததும், திணறலுக்கும் விடை கிடைத்துவிட்டது: உள்ளே இருந்த துருதான் லைனை அடைத்திருக்கிறது.

டேங்கை இறக்கினோம். அரிமானத்தை ஆராயும் மின்வேதியியல் ஆய்வகமே இருக்கிற ஊர் இது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953 பொங்கலன்று திறந்தது. அதனாலோ என்னவோ, துருவை எடுக்க இங்கே ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். சலவை சோடாத் தண்ணீரை ஊற்றி பேட்டரி சார்ஜரைக் கொடுத்தால் துரு தானாக உதிரும் என்றார் ஒரு நண்பர். உதிரும்தான். கூடவே ஹைட்ரஜனும் வரும். பெட்ரோல் வாசம் போகாத டேங்க்கில் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம். காலி டேங்க் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது, நிறைந்த டேங்கைவிட ஆவி நிற்கும் டேங்க்தான் ஆபத்து. ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்தேன். பல முறை தண்ணீரில் அலசி, உள்ளே சங்கிலித் துண்டைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். நட்டும் ஜல்லியும் போட்டால் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும், சங்கிலி என்றால் இழுத்தால் முழுசாக வந்துவிடும். உள்ளே பூச்சு அடிக்கலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். எத்தனாலுக்குத் தாங்காத பூச்சு உரிந்து வந்து பில்டரை அடைத்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எத்தனால் பற்றிக் கொஞ்சம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலவைக்கு ட்யூன் செய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. எனக்கு மைலேஜைவிட ரப்பர்தான் கவலை. பழைய ஓஸும், பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வான டயாப்ரமும் இந்தக் கலவைக்காகச் செய்தவை அல்ல. ஓஸ் முனையைக் கிள்ளினால் பிசுபிசுத்தது. எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினேன். எத்தனால் பழைய கசடையும் கரைத்துக் கிளப்பிவிடும் என்பதால், முதல் சில டேங்க் பெட்ரோலுக்குள் பில்டரை இன்னொரு முறை மாற்ற வேண்டிவந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் திருமயம் ரோட்டில் ஒருநாள் வண்டி நின்றது. முள் பாதிக்கு மேல். டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை அடைந்திருந்தது. பெட்ரோல் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப்பால் இழுக்க முடியவில்லை. ஊசியால் குத்திவிட்டதோடு சரி. ஓடி ஓடி நிற்கிற வண்டி உங்களிடம் இருந்தால், கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக அளவு. டேங்கை முழுக்க வடித்து, கேனில் 5 லிட்டர் 5 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று சமதளத்தில் வைத்துக் குறித்தேன். சாவியைப் போட்டதும் பார்க்கக் கூடாது, இந்த வகை மீட்டர் உள்ளே தகடு சூடாகித்தான் நகரும். மேல் பாதி மெதுவாக இறங்குகிறது, கீழ்ப் பாதி வேகமாக விழுகிறது. டேங்க்கின் வடிவம் அப்படி. அந்தக் கணக்கைச் சீட்டில் எழுதி சன் வைசரில் ஒட்டியிருக்கிறேன்.

தீராத ஒன்று சித்திரை, வைகாசி வெயில். மதுரை போய்த் திரும்பும்போது மேலூரில் டீக்கு நிறுத்தினால், இன்ஜின் சூட்டில் லைனுக்குள் பெட்ரோல் ஆவியாகி, திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. பம்ப் மேல் ஈரத்துணி போடும் பழைய வைத்தியம் வேலை செய்கிறது. எக்ஸாஸ்ட் பக்கமாகப் போகும் குழாயைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோகலாம் என்கிறார் மெக்கானிக். மழைக்காலத்துக்குள் பார்க்க வேண்டும்.