கேமலா, எஸ்.ஈ.5ஏ-வா?

முதல் உலகப் போரில், 1917-ல் பிரிட்டிஷ் விமானிகள் கைக்கு வந்த போர் விமானங்கள் இவை. இரண்டுமே ஒற்றை இருக்கை, மேலும் கீழுமாக இரட்டை இறக்கை. ஒற்றுமை ஏறக்குறைய அதோடு சரி.

சாப்வித் கேமலின் குணமே அதன் சுழல் எஞ்சினிலிருந்து வந்தது. நடுத்தண்டு அசையாது, சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். எஞ்சின், விமானி, இரண்டு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிகள், பெட்ரோல் டேங்க் எல்லாம் முன்பக்கம் சில அடிக்குள் நெருக்கியடித்திருக்கும். அதனால் வலப்பக்கம் சட்டென்று திரும்பும், கூடவே மூக்கும் கீழே இறங்கும். இடப்பக்கம் திருப்பினால் மூக்கு மேலே ஏறும். புதிதாகக் கற்க வந்த பலர் எதிரியைப் பார்க்காமலே செத்தார்கள். போதாததற்கு, உயவுக்காக ஊற்றி எஞ்சின் கக்கும் விளக்கெண்ணெய் வேறு!

எஸ்.ஈ.5ஏ சாது. தண்ணீரால் குளிரும் 200 குதிரைத்திறன் வி8 எஞ்சின். வேகம் மணிக்குச் சுமார் 220 கி.மீ. கேமல் 185 அளவில்தான். டைவ் அடித்தாலும் உடம்பு தாங்கும். ஆனால் ஒரே ஒரு விக்கர்ஸ்தான். மற்றொன்றான லூயிஸ் மேல் இறக்கைக்கு மேலே. குண்டு அடைத்த டிரம் காலியானால், பறந்துகொண்டே துப்பாக்கியைக் கீழே இழுத்து மாற்ற வேண்டும். ஆரம்பத்தில் எஞ்சின் கோளாறும் தட்டுப்பாடும் உண்டு. கல்கத்தாவில் பிறந்த விமானி இந்திரலால் ராய், 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் 10 வெற்றிகள் கண்டது இதில்தான்.

தாழப் பறந்து மல்லுக்கட்ட, கைதேர்ந்தவருக்குக் கேமல். அனுபவமில்லாத பையனை அனுப்புவதென்றால், யோசிக்காமல் எஸ்.ஈ.5ஏ.