மாயா பலியும் மயக்கப் பொருளும்: ஜார்ஜ்டவுனில் ஒரு மாலை வகுப்பு

பினாங்கில், லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில் ஐந்து அமர்வுகளாக ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். மத்திய அமெரிக்காவின் பழைய மாயா நாகரிகத்தில் பலி என்ன பொருள் கொண்டிருந்தது, மனத்தை மயக்கும் பொருட்கள் மனிதரின் அறவுணர்வை மாற்றுமா என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் பிணைத்துத் தமிழிலேயே பேசுகிறார்கள். முழுத் தொடருக்கும் கட்டணம் 150 வெள்ளி. முதல் மூன்று அமர்வுகளுக்கு அந்தத் தொகை தகும். பின்னிரண்டில், வகுப்பு தன் தலைப்புக்குத் தானே அடிமையாகிவிடுகிறது.

முதல் அமர்வில் விரிவுரையாளர் வரலாற்றுச் சுருக்கம் எதுவும் சொல்லாமல் நேராக ஒரு கல்லைக் காட்டித் தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது. இன்றைய மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், உசுமசிந்தா ஆற்றங்கரையில் உள்ள யாஷ்சிலான் நகரத்து வாசல் விட்டக் கல் அது. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொ.ஆ. 709இல் நடந்த சடங்கு அதில் செதுக்கப்பட்டுள்ளது. மன்னர் இட்சம்னாஜ் பஹ்லாம் தீப்பந்தம் ஏந்தி நிற்க, அவர் முன் மண்டியிட்ட அரசி கபல் ஷோக், முள் கோத்த கயிற்றைத் தன் நாக்கின் துளை வழியே இழுத்துக்கொண்டிருக்கிறார். சொட்டும் குருதியை வாங்குவதற்கு மரப்பட்டைத் தாள் வைத்த கூடை கீழே இருக்கிறது. அந்தத் தாளை எரித்து எழும் புகையைத் தெய்வத்துக்குச் சேர்ப்பது வழக்கம். அதே கட்டடத்தின் அடுத்த விட்டக் கல்லில் ஒரு பெரும் பாம்பு எழுந்து நிற்கிறது. அதன் திறந்த வாயிலிருந்து ஆயுதம் ஏந்திய ஒரு வீரன் வெளிப்படுகிறான், அரசி அண்ணாந்து பார்க்கிறார். வலியும் குருதியிழப்பும் நோன்பும் சேர்ந்தாலே இத்தகைய காட்சி வரக்கூடும் என்பதையும், இந்தச் சிற்பங்களில் எந்தக் காளானும் எந்தக் கள்ளும் காணப்படவில்லை என்பதையும் விரிவுரையாளரே அன்று நிதானமாகச் சொன்னார். நான்காம் அமர்வில் அவருக்கு அது மறந்துபோனது.

இரண்டாம் அமர்வு இத்தொடரின் உச்சம். யுகத்தான் தீபகற்பத்தின் சிச்சென் இட்சாவில், புனிதக் கிணறு என்று பெயர் பெற்ற பெரிய நீர்க்குழிக்கு அருகே, 1967இல் ஒரு நிலத்தடித் தொட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர்களின் எலும்புகள் கிடந்தன. அவற்றுள் 64 பேரின் மரபணுவை ஆராய்ந்த கட்டுரை 2024இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்தது. கன்னிப் பெண்களைக் கிணற்றில் தள்ளினார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்த கதைக்கு மாறாக, ஆராயப்பட்ட அத்தனை பேரும் ஆண் குழந்தைகள். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஆறு வயது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே தொட்டியில் நெருங்கிய இரத்த உறவினர் இருந்தார்; இரண்டு இணைகள் ஒரே கருமுட்டையிலிருந்து உருவான ஒத்த இரட்டையர். தொட்டி பயன்பட்ட காலம் ஏழாம் நூற்றாண்டிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை நீள்கிறது.

இரட்டையர் என்ற செய்தி வந்ததும் விரிவுரையாளர் கிச்சே மாயர்களின் தொன்மக் கதைக்குப் போனார். கீழுலகமான ஷிபால்பாவின் தலைவர்கள் தந்தையைக் கொன்று தலையை மரத்தில் மாட்டுகிறார்கள். அவருடைய மக்களான ஹுனாபு, ஷ்பாலங்கே என்ற இரட்டையர் பின்னால் அங்கே இறங்கி, பலியாகி, மீண்டு, பழி தீர்க்கிறார்கள். மனிதர் மக்காச்சோளத்தால் செய்யப்பட்டவர்கள் என்றும், தம்மைப் போற்றி ஊட்டவே தெய்வங்கள் அவர்களைப் படைத்தன என்றும் அதே கதை சொல்கிறது. இந்த இடத்தில் வகுப்பு ஒரு முக்கியமான உண்மையைத் தொட்டது. ஒரு சமூகம் தன்னைத் தெய்வத்துக்குக் கடன்பட்டதாக எண்ணி, அந்தக் கடனை நாட்காட்டியில் குறித்து, குடும்பங்களுக்குள் பங்கிட்டு, ஐந்து நூற்றாண்டுகள் தவணை தவறாமல் கட்டிவந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒழுங்கைத் தெளிந்த புத்தியுடன்தான் நடத்த முடியும். அரவான் களப்பலியையும் தன் தலையைத் தானே அரியும் நவகண்டச் சிற்பங்களையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இது புரியாததாக இருக்காது. விரிவுரையாளர் இவற்றில் ஒன்றையும் குறிப்பிடாதது வியப்பாக இருந்தது.

சான்றுகளைப் பற்றிய மூன்றாம் அமர்வு நேர்மையானது, கொஞ்சம் வறண்டது. யுகத்தானில் பாதிரியாராக இருந்து பின்னர் ஆயரான டியேகோ டி லாண்டா 1562இல் மானி நகரில் மாயா நூல்களை எரித்தார். பலி பற்றிய பல வாக்குமூலங்கள் அதே ஆண்டின் சித்திரவதை விசாரணைகளில் பெறப்பட்டவை. ஆகவே அவற்றை அப்படியே நம்பவும் முடியாது, எலும்புகள் கண்முன் இருக்கையில் முற்றாக ஒதுக்கவும் முடியாது. இவ்வளவையும் சொன்னவர், கிரிகுவா என்ற மாயா நகரத்து மன்னன் 738இல் தன் மேலரசனான கோபான் நகரத்து மன்னனைப் பிடித்துத் தலையை வெட்டிய நிகழ்வை இரண்டு வரியில் கடந்துபோனார். பலி என்பது அரசியலும்கூட என்று காட்ட அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

நான்காம் அமர்வில்தான் சறுக்கல். மாயர்கள் எதை உட்கொண்டார்கள் என்பதற்கு உறுதியான சான்றுகள் உள்ளன, ஆனால் அவை பரபரப்பானவை அல்ல. வாஷிங்டனின் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள, ஏறத்தாழ பொ.ஆ. 700ஐச் சேர்ந்த சிறு குடுவை ஒன்றில் புகையிலையின் நிக்கோட்டின் கண்டறியப்பட்டதாக 2012இல் அறிவிக்கப்பட்டது. யுகத்தானில் புதைந்திருந்த 14 சிறு கலங்களில் புகையிலையுடன் மெக்சிகோ செண்டுமல்லி வகை ஒன்றும் கலந்திருந்ததாக 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. (வகுப்பு நடக்கும் தெருவின் பூக்கடைகளில் மாலைக்குக் கட்டும் செண்டுமல்லியும் அமெரிக்காவிலிருந்து வந்த உறவுச் செடிதான், அன்று மாலை அதைச் சொல்லியிருந்தால் கூடம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.) தேனையும் ஒரு மரப்பட்டையையும் ஊறவைத்துப் புளிக்கச் செய்யும் பால்சே என்ற பானத்தை லக்காண்டோன் என்ற மாயா மக்கள் நம் காலம் வரை சடங்குகளில் அருந்திவந்திருக்கிறார்கள். குவாத்தமாலா மலைப்பகுதியின் காளான் வடிவக் கற்களைப் பொறுத்தவரை, உருவ ஒற்றுமைக்கு மேல் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

இவ்வளவு மெலிந்த சான்றிலிருந்து, மயக்கம்தான் கொலைக்குத் துணிவு தந்தது என்ற முடிவுக்கு விரிவுரையாளர் தாவினார். இடைவெளியை நிரப்ப அவர் துணைக்கு அழைத்தது மரியா சபினாவை. ஆனால் அந்த அம்மையார் வஹாகா மாநிலத்து மசாடெக் இனத்தவர், மாயர் அல்லர். 1955இல் அமெரிக்கரான கார்டன் வாசன் கலந்துகொண்டு, 1957இல் லைஃப் இதழ் வழியே உலகறியச் செய்த அவருடைய காளான் சடங்கு, நோய் தீர்ப்பதற்கானது. ஆகவே அவரைச் சான்றாக வைத்தால் வாதம் எதிர்ப்பக்கம் போகிறது: அந்தச் சடங்கில் காளானை உண்டவர்கள் யாரையும் கொல்லவில்லை, நோயாளியைத்தான் காப்பாற்ற முயன்றார்கள்.

கடைசி அமர்வு இக்கால ஆய்வுகளைப் பற்றியது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் தேவாலயத்தில் 1962ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று இறையியல் மாணவர் இருபது பேரில் பாதிப்பேருக்குக் காளானின் வேதிப்பொருளான சிலோசைபின் கொடுக்கப்பட்டதையும், அவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த இறையனுபவம் பெற்றதையும் நன்றாக விவரித்தார். எல்.எஸ்.டி. என்ற மாயக்காட்சி தரும் பொருளை அமெரிக்க உளவுத்துறை 1953இல் தொடங்கிய மனக்கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பயன்படுத்தியதை மட்டும் சொல்லாமல் விட்டார். ஏறத்தாழ ஒரே விதமாக வேலை செய்யும் இரண்டு பொருட்களில் ஒன்று தேவாலயத்தில் தொழுகைக்கு உதவியது, மற்றது விசாரணை அறையில் கொடுமைக்கு உதவியது. சூரிச்சில் நடந்து 2017இல் வெளியான சோதனையில், சிலோசைபின் உட்கொண்டவர்களுக்குப் பிறர் உணர்ச்சியில் பங்குகொள்ளும் பரிவு கூடியது. அறச்சிக்கல்களில் அவர்கள் எடுத்த முடிவுகளோ மாறவில்லை. அறத்தீர்ப்பு உண்மையாகவே நகர்ந்ததைக் காட்டிய சோதனை ஒன்றும் உண்டு. 2010இல் வெளியான அதில் கொடுக்கப்பட்டது மருந்துக்கடைகளில் விற்கும் சிட்டலோபிராம் என்ற சாதாரண மனச்சோர்வு மாத்திரை. அதை உட்கொண்டபோது, வெற்று மாத்திரை உட்கொண்டபோதைவிட, பிறருக்குத் தீங்கு செய்ய அதிகம் தயங்கினார்கள். வேதிப்பொருள் அறத்தைத் தொடுமா என்று கேட்கும் வகுப்பில் இந்த மாத்திரைக்கு இடமில்லாமல் போனதற்கு ஒரே காரணம், அதில் மாயக்காட்சி எதுவும் தெரியாது என்பதுதான் என்று நினைக்கிறேன்.

தைப்பூசத்தில் நாக்கில் அலகு குத்திய பக்தரின் படத்தை விட்டக் கல்லின் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டும் ஒன்றுதானே என்று விரிவுரையாளர் கேட்டபோது கூடத்தில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் இருந்த ஓர் இளைஞர், தாம் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர் என்று சொல்லி, "ஐயா, அருள் வருவது அன்றைக்கு. வேண்டுதல் வைத்தது பல மாதத்துக்கு முன்னால், விரதம் இருந்தது பல நாள், அப்போதெல்லாம் நான் தெளிவாகத்தான் இருந்தேன்" என்றார். ஐந்து அமர்வுகளிலும் சொல்லப்பட்டவற்றுள் இதுவே பொருள் செறிந்த பேச்சு. காற்று அடுப்பில் இருக்கிற தணலைத்தான் ஊதிப் பெரிதாக்கும். விறகை எடுத்து வைப்பது வேறொரு கை. கபல் ஷோக் நாக்கைத் துளைத்தது அரச குலத்தின் உரிமையை நிலைநாட்டுவதற்காக. நம் பக்தர் அலகு ஏற்பது தம் வீட்டுக் குழந்தையின் நலத்துக்காகவோ நேர்ந்துகொண்ட வேறொன்றுக்காகவோ. பரவசம் இரண்டிலும் உண்டு, ஆனால் எதற்காக என்பதைப் பரவசம் தீர்மானிப்பதில்லை. விரிவுரையாளர் இளைஞருக்கு நன்றி கூறிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அந்த இடத்தில் நின்றிருந்தால் தம் தலைப்புக்கு விடை அவருக்கே கிடைத்திருக்கும்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாக. கூடம் சிறியது, மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பாதிப் பேச்சு எட்டாது. கொடுக்கும் அச்சுத்தாள்களில் படங்கள் மங்கலாக உள்ளன, மாயா பெயர்கள் பக்கத்துக்கு ஒரு விதமாக எழுதப்பட்டிருக்கின்றன. மயக்கப் பொருளை முயன்று பார்க்கலாம் என்ற தொனி எங்கும் தலைகாட்டவில்லை. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தைத் தொடக்கத்திலேயே நினைவூட்டியது பொறுப்பான செயல். சிறுவர் எலும்புகளின் படங்கள் வருவதால் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். தனித்தனி அமர்வுக்கு 35 வெள்ளி என்று பதிவு செய்துகொள்கிறார்கள். முதல் மூன்றுக்கு மட்டும் பெயர் கொடுத்து, முன்வரிசையில் உட்காருங்கள். மிச்சமாகும் 45 வெள்ளிக்கு அதே தெருவில் இருவர் தாராளமாகப் பசியாறலாம்.