கோர்ட் வாசல் மெட்டல் டிடெக்டர் கேட்: பீப் அடிக்குது சரி, அப்புறம்?

மொதல்லயே சொல்லிடறனுங்க, இது வீட்டுக்கு வாங்குற சாமான் இல்ல. கோர்ட் வாசல்ல, கலெக்டர் ஆபீஸ்ல, கோயில் திருவிழாவுல எல்லாம் கதவு நிலை மாதிரி நிக்குமே ஒண்ணு, டெண்டர்ல டிஎஃப்எம்டின்னு (டோர் ஃப்ரேம் மெட்டல் டிடெக்டர்) எழுதுவாங்க, அந்த மெஷினுக்கான ரிவ்யூ. நான் கோயமுத்தூர்ல இருந்துட்டு கோர்ட் பாதுகாப்பு சம்பந்தமா பாலிசி அனலிஸ்டா வேலை பாக்கறேன். என்ற மாமியார் வீட்டுப்பக்க ஒறம்பரைக இன்னமும் "அம்மிணி போலீஸ்ல இருக்குதா, வக்கீலா இருக்குதா"ன்னுதான் கேக்கறாங்க. ரெண்டும் இல்லைங்க. கோர்ட் வாசல்ல நின்னு ஜனம் எப்படி உள்ள போகுது, யாரைச் சோதிக்கிறாங்க, யாரைக் கும்பிடு போட்டு விட்டுடறாங்கன்னு பாத்து, ஹைகோர்ட் சுப்ரீம் கோர்ட் ஆர்டரையெல்லாம் படிச்சு, இதை வாங்குங்க, அது வேண்டாம், இந்த இடத்துல ஆள் போடுங்கன்னு குறிப்பு எழுதிக் குடுக்கறதுதான் சோலி. அப்படி நின்னு நின்னு இந்த மெஷினோட நல்லாவே பழகிட்டேன். கம்பெனி பேரு சொல்லப் போறதில்ல, மார்க்கெட்ல இருக்கிற முக்கால்வாசி ஒரே மாதிரிதான் வேலை செய்யுது.

மெஷினா மட்டும் பாத்தா பெருசா குறை இல்ல. ரெண்டு பக்கப் பலகைக்குள்ளயும் காயில் இருக்கும், அது விட்டு விட்டுக் காந்தப்புலத்தை அனுப்பும், நடுவுல உலோகம் போச்சுன்னா அதுக்குள்ள மின்சாரம் சுத்தி அந்தப் புலத்தைக் கொஞ்சம் கலைக்கும், அதைப் புடிச்சு பீப் அடிக்குது. 6 ஜோன், 18 ஜோன், 33 ஜோன்னு விக்கிறாங்களே, அது கத்தி எந்த உயரத்துல எந்தப் பக்கம் இருக்குதுன்னு லைட் போட்டுக் காட்டறதுக்கு. டெமோ காட்டுன கம்பெனித் தம்பி சாக்ஸுக்குள்ள ஒரு சின்னக் கத்தியச் சொருகிட்டு நடந்தாப்ல, கரெக்டா கீழ இருக்கிற லைட் எரிஞ்சுது, இடுப்புல வெச்சா நடுவுல எரிஞ்சுது. "பாத்தீங்களா மேடம்"னு ஒரே சந்தோஷம் தம்பிக்கு. அது அவங்க ஷோரூம்ல, டைல்ஸ் தரையில, சுத்தி ஒரு இரும்புச் சாமான் இல்லாத இடத்துல.

இதே மெஷினக் கொண்டுபோய் நம்ம கோர்ட்டுகள்ல எங்க நிறுத்தறாங்கன்னு பாருங்க, பெரிய இரும்பு கேட்டுக்கு ஒட்டி! அந்த இரும்பு கேட்டு ஆடுனா மெஷின் அடிக்குது, பக்கத்துல போலீஸ்காரர் இரும்பு நாற்காலிய இழுத்துப் போட்டா அடிக்குது. சும்மா சும்மா அடிச்சா என்ன பண்ணுவாங்க, சென்சிட்டிவிட்டியக் குறைச்சுடுவாங்க. குறைச்சது யாரு, எப்ப, எவ்வளவுன்னு எழுதி வெக்க ஒரு நோட்டு கூட இருக்காது. மழைக்குத் தகரக் கூரை இல்லாம, கரண்ட் போனா யூபிஎஸ் இல்லாம, பிளக்கே சொருகாம நிக்கிறதையும் பாத்திருக்கேன். எது எந்த ஊருன்னு சொல்லல, நாளைக்கும் அங்கெல்லாம் போகோணும்ல.

ஒரு தாலுகா கோர்ட்ல நான் பாத்ததைச் சொல்றேன். பாகப்பிரிவினைக் கேஸுக்கு வந்த ஒரு ஆத்தா, எழுபது வயசு இருக்கும், கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் பீப். காவலுக்கு நின்ன அண்ணன் "என்னங்காத்தா வெச்சிருக்கீங்க"ன்னு கேட்டாரு. ஆத்தா இடுப்புல இருந்த சுருக்குப்பைய எடுத்து டேபிள் மேல கவுத்தாங்க, வெத்தல, சுண்ணாம்பு டப்பி, சில்லறை, நல்ல கனமான ஒரு பாக்குவெட்டி. அதை வெளிய வெச்சுட்டுப் போகச் சொன்னா "என்ற மாமியா குடுத்ததுங்க சாமி, தொலைஞ்சு போச்சுன்னா நீ குடுப்பியா"ன்னு நின்னுட்டாங்க. டோக்கன் போட்டு சாமான் வாங்கி வெக்கிற ஏற்பாடு அங்க இல்ல. பின்னாடி வரிசை நீளுது, மணி 10.30 ஆகப்போகுது, பேர் கூப்பிடறப்ப ஆள் இல்லைன்னா சிலருக்கு வாரண்டே வந்துடும்ங்கிற பயத்துல ஆளாளுக்குச் சத்தம் போடறாங்க. கடைசில பாக்குவெட்டியும் ஆத்தாவும் சேர்ந்தே உள்ள போயாச்சு. அப்புறம் வந்தவங்க எல்லாருக்கும் பீப் அடிச்சுது, டிஃபன் கேரியர், பெல்ட், சாவிக்கொத்து, வெள்ளி அரணாக்கயிறு, ஒருத்தரையும் அந்த அண்ணன் நிறுத்தல. அவரையும் குத்தம் சொல்ல முடியாதுங்க, ஒத்த ஆளு, கையில ஹேண்ட் டிடெக்டர் கூட இல்ல, பீப் வந்தா யாரைத் தள்ளி நிறுத்தறது, எங்க நிறுத்தறதுன்னு யாரும் சொல்லிக் குடுக்கல.

பொம்பளைங்க சோதனை இன்னும் மோசம். மறைப்புத் தட்டி ஒண்ணு வெச்சு உள்ள ஒரு பெண் காவலர் இருக்கோணும். பாதி இடத்துல தட்டி இருக்குது காவலர் இல்ல, மீதி இடத்துல காவலர் இருக்காங்க, தட்டி இல்ல, அவங்களும் அன்னிக்குப் பந்தோபஸ்து டூட்டிக்கு வேற எங்கயோ போயிருப்பாங்க. கைப்பைய மட்டும் திறந்து காட்டச் சொல்லிட்டு "போங்கம்மா"ன்னு விட்டுடறாங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வரேன். இந்த கேட்டை வாங்கிட்டா கோர்ட் பத்திரம்னு நினைக்கிறவங்க நம்ம ஊர்லயே நடந்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. 2023 பிப்ரவரில கோயமுத்தூர் கோர்ட் வளாகத்துக்குப் பின்னாடி கோபாலபுரத்துல பட்டப்பகல்ல ஒருத்தரை வெட்டிக் கொன்னாங்க, அது வாசலுக்கு வெளிய. அடுத்த மாசமே, மார்ச் 23, அதே வளாகத்துக்குள்ள, விசாரணைக்கு வந்த பொண்ணு மேல அவங்க புருஷனே ஆசிட் ஊத்தினான், அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில இறந்து போச்சு. ஆசிட் வந்தது தண்ணி பாட்டில்ல. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு எந்த கேட்டுங்க அடிக்கும்? 33 ஜோன் இல்ல, 330 ஜோன் வெச்சாலும் பச்சை லைட்தான் எரியும். 2024 டிசம்பர்ல திருநெல்வேலி கோர்ட் முன்னாடி நடந்த கொலையும் வாசலுக்கு வெளியதான். டெல்லி ரோகிணி கோர்ட்ல 2021 செப்டம்பர்ல கோர்ட் ஹாலுக்குள்ளயே துப்பாக்கியால சுட்டாங்களே, அது ஒண்ணுதான் இந்த மெஷின் புடிக்க வேண்டிய கேஸு, ஆனா சுட்டவங்க வந்தது வக்கீல் டிரஸ்ல. கறுப்புக் கோட்டுக்காரங்களைச் சோதிக்கலாமா வேண்டாமாங்கிறது எல்லா ஊர்லயும் ஓடிட்டு இருக்கிற அக்கப்போரு. வக்கீல்களும் வரிசைல நிக்கணும்னுதான் நான் எழுதுவேன், பார் அசோசியேஷன்ல எனக்கு டீ கிடைக்காம போனாலும் சரி. அவங்க கோவத்துலயும் ஒரு நியாயம் இருக்குதுங்க, ஒரு நாளைக்கு நாலு கோர்ட்டுக்கு ஓடறவங்களை ஒவ்வொரு தடவையும் அதே நீள வரிசைல நிறுத்துனா கேஸ் என்னாகறது, தனி லேன் போட்டு அங்கயும் அதே சோதனைய வெச்சா முடிஞ்சுது.

ரோகிணி சம்பவத்துக்கு அப்புறம் 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் ஒரு ஆர்டர் போட்டாங்க, பிரத்யுமான் பிஷ்ட் கேஸு. நான் தினம் கையில வெச்சுட்டுச் சுத்தறது அதைத்தான். அதுல மெட்டல் டிடெக்டர், பேக் ஸ்கேனர் எல்லாம் இருக்குது, ஆனா அதோட நிரந்தரமா ஒரு கோர்ட் பாதுகாப்புப் பிரிவு வேணும், வளாகத்தைக் குறுக்கு வழியா ஜனம் பயன்படுத்தறதை நிறுத்தணும், கேமரா வேணும்னும் சொல்லியிருக்காங்க. டெண்டர் விடறப்ப மெஷின் வரிய மட்டும் எடுத்துக்கறாங்க, ஆள் போடற வரிய விட்டுடறாங்க. மெஷினுக்கு ஒரே பில்லு, ஆளுக்கு மாசா மாசம் சம்பளம், அதான் காரணம்.

ரிமாண்ட் (ஜெயில் காவல்) நீட்டிப்புக்குக் கைதிய ஜெயில்ல இருந்தே வீடியோல காட்டலாம்னு பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 187வது பிரிவுல இருக்குது, போலீஸ் கஸ்டடிக்குத்தான் நேர்ல கொண்டு வரணும். அதை ஒழுங்காப் பயன்படுத்தினாலே வேன் வர்றது, எதிர் கோஷ்டி வாசல்ல காத்துட்டு நிக்கிறது எல்லாம் குறையும். கேட்டுக்குச் செலவு பண்ற காசுல கொஞ்சம் எடுத்து நல்ல வீடியோ லைனுக்குப் போட்டா எவ்வளவோ மேல்.

சரி, கட்டாயம் வாங்கித்தான் ஆகோணும்னா கேளுங்க. 33 ஜோனுக்குக் காசு அழிக்காதீங்க, 6 ஜோன் நல்லதா ஒண்ணு, கூட ரெண்டு ஹேண்ட் டிடெக்டர், அதுக்கு சார்ஜர் இருக்குதான்னு பாத்து வாங்குங்க. இரும்பு கேட்டுல இருந்து தள்ளி, தகரக் கூரைக்கடியில நிறுத்துங்க. ரெண்டு கேட்டைப் பக்கம் பக்கமா வெச்சா ஒண்ணை ஒண்ணு குழப்பும், இன்ஸ்டால் பண்ண வர்றவங்ககிட்ட ஃப்ரீக்வென்சிய மாத்தி செட் பண்ணச் சொல்லுங்க. தினம் காலைல ஒரு டெஸ்ட் பீஸ (சோதிச்சுப் பாக்கற உலோகத் துண்டு) எடுத்துட்டு காலு, இடுப்பு, தலைன்னு மூணு உயரத்துலயும் நடந்து பாத்து நோட்டுல கையெழுத்துப் போடச் சொல்லுங்க. பேஸ்மேக்கர் வெச்சவங்க கார்டு காட்டினா கேட்டு வழியா விடாம கையால சோதிச்சு அனுப்புங்க. ஏஎம்சிய (வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம்) கொட்டேஷன்லயே எழுதி வாங்கிடுங்க, இல்லைன்னா வாரண்டி முடிஞ்ச மறுநாள்ல இருந்து அந்தத் தம்பி போனே எடுக்க மாட்டாப்ல. சாமான் வெக்க டோக்கன் கவுண்டர் ஒண்ணு போடுங்க, ஒரு டேபிள், ஒரு அலமாரி, அதுக்கு டெண்டர் கூட வேண்டாம்.

மார்க்கு: மெஷினுக்கு அஞ்சுக்கு நாலு, அதை நம்ம ஊர்ல நிறுத்தி வெச்சிருக்கிற லட்சணத்துக்கு ஒண்ணரை. பாட்டிலுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாக்கிற லிக்விட் ஸ்கேனர் ஏர்போர்ட்ல எல்லாம் வெச்சிருக்காங்க, அதுக்கு டெமோ கேட்டிருக்கேன், விலையச் சொல்ல மாட்டேங்கிறாங்க. அது வர்ற வரைக்கும் வாசல்ல "ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுங்க"ன்னு சொல்லச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன், அதுக்கு ஒரு ரூபா செலவு இல்ல.