தரையா, மாடிப் பையா, மீன்பெட்டியா? ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு வீட்டுத் தோட்டக் கணக்கு

போன மாசியில் கீழக்கரைக்குப் போயிருந்தபோது மதினி என்னை நேராக மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். செடி வளர்க்கும் க்ரோ பேக் பைகள் இருபது வரிசையாக நின்றன. எல்லாவற்றின் மேல்மண்ணிலும் கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளைப் படலம். தக்காளி இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. "என்னன்னு பாருங்க தம்பி, பூஞ்சையா இது? ஏதாவது மருந்து இருந்தா சொல்லுங்க" என்றார். விரலால் ஒற்றி நாக்கில் வைத்துப் பார்த்தேன். பூஞ்சை இல்லை, உப்பு.

எங்கள் பக்கம் யாருக்காவது தோட்டம் போடும் ஆசை வந்தால் ஊரே ஒரே பதிலைத்தான் சொல்லும்: "நம்ம மண்ணு உவர் மண்ணு, தரையில ஒண்ணும் வராது, மாடியில பையில வையி." நானும் நாலு பேருக்கு இதைச் சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை. உச்சிப்புளியில் என் வீட்டுக் கொல்லை மணல்தரை, கீழக்கரையில் மதினியின் மாடிப் பைகள், பாம்பனில் தெரிந்த அக்கா ஒருவர் மீன்பெட்டிகளில் வைத்திருக்கும் தோட்டம் என்று மூன்றையும் இரண்டு வருடமாகப் பார்த்துவருகிறேன். அதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் தண்ணீர்

மண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும். ஆர்.ஓ. என்ற குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்த வருகிறவர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே, அது ஒன்று போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தண்ணீரில் முக்கினால் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று தோராயமாகக் காட்டும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் தரும் பாசன நீர் வழிகாட்டிப்படி 450க்குக் கீழே என்றால் கவலையில்லை. 450 முதல் 2,000 வரை பயிரைப் பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும். 2,000ஐத் தாண்டினால் கடும் சிக்கல்.

என் கிணறு 700 காட்டியது. பாம்பன் அக்கா வீட்டுக்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் 300ஐ ஒட்டி. மதினி வீட்டு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, 3,400!

இந்த வித்தியாசம் ஏன் என்று பலருக்குக் குழப்பம். மணல் பாங்கான கடற்கரையில் மழைநீர் உள்ளே இறங்கி, கனமான உப்புநீரின் மேல் பாலாடைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மேலே ஓரடி இறங்கினால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். ராமேஸ்வரம் தீவுப் பக்கம் பெண்கள் மணலில் பள்ளம் தோண்டி, ஊற்றுத் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவது இதனால்தான். ஆழமில்லாத ஊற்றில் இனிக்கிற தண்ணீர், அதே இடத்தில் ஆழமாக போர் போட்டால் கரிக்கும். தோட்டத்துக்கென்று இன்னும் ஆழமாகத் துளைப்பவர்கள் காசு கொடுத்து உப்பை வாங்குகிறார்கள்.

ஆர்.ஓ. கழிவுநீரைச் செடிக்கு விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூலத் தண்ணீரே நன்றாக இருக்கிற ஊரில் விடலாம். இங்கே போர்த் தண்ணீரில் ஓடும் ஆர்.ஓ.வின் கழிவு, போரைவிட உப்பு கூடியது. கக்கூஸ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

தரையும் பையும்

இப்போது மதினியின் பைக்கு வருவோம். வெயில் நாளில் தக்காளி வைத்த ஒரு பைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஆகிறது. லிட்டருக்கு 3.4 கிராம் உப்பு என்றால் நாளுக்கு ஏறத்தாழ 7 கிராம், மாதத்துக்கு 200 கிராம். தண்ணீரைச் செடி குடிக்கும், வெயில் குடிக்கும். உப்பை யாரும் குடிப்பதில்லை. அடியில் வடியாத பையில் மாதாமாதம் கால்கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கொட்டி வைத்தால் எந்தச் செடி நிற்கும்? மாடி அழுக்காகிறது என்று மதினி ஒவ்வொரு பைக்கும் அடியில் தட்டு வேறு வைத்திருந்தார். வடிந்த உப்பையும் செடி திரும்ப உறிஞ்சியிருக்கிறது.

தரையில் இந்தக் கதை வேறு. என் கொல்லை வெறும் மணல். விட்ட தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும், உப்பும் கூடவே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை மிச்சத்தையும் கழுவிவிடும். நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். அந்த ஒரு கழுவல் மணலுக்குப் போதும். (களிமண் தரை, உப்பளத்தை ஒட்டிய தரை என்றால் இது பொருந்தாது. தேங்கிய இடத்தில் உவர் நிலச் செடியான உமரிதான் முளைக்கும். உமரிக்கீரையும் கடைந்தால் நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.)

ஆக, என் தீர்ப்பு ஊர் அறிவுரைக்கு நேர்மாறு. தண்ணீர் உப்பாக இருந்தால் மணல்தரைதான் நல்லது. தண்ணீர் நன்றாக இருந்து தரை மோசமாக இருந்தால், அல்லது தரையே இல்லாவிட்டால்தான் பை.

தரைக்குக் குறை இல்லாமல் இல்லை. மணலில் சத்து நிற்காது, ஈரமும் நிற்காது. நான் செய்தது இரண்டு வேலை. ஒன்று, கண்மாயில் எடுத்த கரம்பை மண் ஒரு டிராக்டர் வாங்கிப் பாத்தியில் கலந்தது. களிப்புள்ள அந்த வண்டல்தான் மணலைக் கட்டிப்பிடிக்கிறது. இரண்டாவது, பாத்திக்கு ஓரடி ஆழத்தில் தேங்காய் மட்டையை, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடியது. தென்னந்தோப்புக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டாலும் தாங்குகிறது. ஆடும் மயிலும்தான் மிச்சத் தலைவலி. பழைய நைலான் வலையை எடைக்கு வாங்கிச் சுற்றிக் கட்டியதில் ஆடு நின்றது. மயில் நிற்கவில்லை.

பைக்குச் செலவும் அதிகம். பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, மண்புழு உரம் என்று இருபது பைக்கு மதினி ஐயாயிரத்துக்கு மேல் செலவழித்திருந்தார். அதில் நார்க்கட்டி தனிக் கதை. 5 கிலோ கட்டி ஊறினால் 60 லிட்டருக்கு மேல் பொங்கும், பார்க்க லாபம்தான். ஆனால் உப்பங்கழித் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த நார் என்றால் கட்டியிலேயே உப்பு இருக்கும். 'கழுவியது' என்று எழுதியிருந்தாலும் ஊறவைத்த தண்ணீரில் ஒருமுறை மீட்டரை முக்கிப் பாருங்கள். மதினிக்கு விற்ற கடைக்காரர் கழுவியது என்று சத்தியம் செய்தாராம். மீட்டர் வேறு சொன்னது.

மீன்பெட்டி

பாம்பன் அக்காவிடம் போனால் பை, தரை என்ற பேச்சே எடுபடாது. ஐஸ் போட்டு மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி, ஓரம் உடைந்தால் ஏற்றுமதிக்கு ஆகாது. அதை முப்பது, நாற்பது ரூபாய்க்கு வாங்கி, கம்பியைக் காய்ச்சி அடியில் எட்டு ஓட்டை போட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்துவிடுவார். கறுப்பு, பச்சைப் பைகள் சித்திரை வெயிலில் தொட்டால் சுடும். உள்ளே வேர் வேகும். ஐஸைக் காக்கிற பெட்டி வேரையும் காக்கிறது. நண்பகலில் உள்ளே கைவைத்துப் பார்த்தேன், ஜில்லென்று சொல்ல முடியாது, ஆனால் சுடவில்லை.

ஓரடி ஆழம்தான். கீரை, குண்டு மிளகாய், புதினா, கொத்தமல்லிக்கு அது தாராளம். தக்காளி என்றால் பெட்டிக்கு இரண்டு செடி. முதல் தடவை பெட்டியை மூன்று நாள் ஊறவைத்துக் கழுவாவிட்டால் ஊர்ப் பூனை எல்லாம் உங்கள் வீட்டில்தான்.

அவர் உரத்துக்கும் காசு கொடுப்பதில்லை. மீன் கழித்த குடல், செதிலோடு சம எடை வெல்லம் போட்டு மூடி, மூன்று வாரத்துக்கு மேல் வைத்தால் மீன் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். மூடியைத் திறக்கும் நாளில் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

பெட்டியில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. வெயிலில் இரண்டு வருடத்தில் உதிர ஆரம்பிக்கிறது. அந்த வெள்ளை உருண்டைகள் காற்றில் பறந்து நேராகக் கடலுக்குத்தான் போகும். அக்கா பெட்டியின் வெளிப்பக்கம் பழைய சாக்கைச் சுற்றித் தைத்திருக்கிறார், அதனால் கொஞ்சம் தள்ளிப்போகிறது. அம்புட்டுத்தான், தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

எதை வைப்பது, எப்போது வைப்பது

பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் உப்புக்கு முதலில் சாயும். இந்தக் கடற்கரையில் அதற்காக மெனக்கெட வேண்டாம், சந்தையில் வாங்குங்கள். தக்காளி நடுத்தரம். பீட்ரூட் தாங்கும், தட்டைக்காய் தாங்கும். கொத்தவரை இருக்கிறதே, காய்கறியில் அதுதான் உப்புக்கு மாமன். பருப்புக்கீரையும் அப்படியே, விதைக்காமலேகூட வரும். மிளகாய் உப்பை அவ்வளவாகத் தாங்காது. ஆனால் 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் குண்டு மிளகாயை வைக்காமல் ராமநாதபுரத்தில் என்ன தோட்டம்? மானாவாரியில் பழகிய செடி, தண்ணீர் குறைவாகக் கேட்கும். கடையில் விதைப் பாக்கெட் வாங்க வேண்டாம். அடுப்படி டப்பாவில் இருக்கும் வற்றலில் நன்றாகப் பழுத்துக் காய்ந்த ஒன்றை உதிர்த்துப் போட்டாலே முளைக்கும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். அந்தச் சொலவடை இந்தக் கடற்கரைக்குச் சரிவராது. ஆடியில் இங்கே கச்சான் என்ற மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். மொட்டைமாடியில் நாற்று இரண்டு நாள் நிற்காது. இரண்டு வருடம் ஆடியில் விதைத்து இரண்டு வருடமும் தோற்றவன் சொல்கிறேன். புரட்டாசி கடைசியில் விதைத்து, ஐப்பசி மழையில் வேர் பிடிக்க விட்டு, தையிலிருந்து பங்குனி வரை பறிப்பதுதான் நமக்குச் சரி. அடைமழையில் பையில் வேர் அழுகும். அந்த ஒரு மாதம் பைக்கும் பெட்டிக்கும் வடிகால் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுக்குப் பனையோலைப் படல்தான் நல்லது. தார்ப்பாய் கட்டினால் காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் குப்புற விழுந்து செடியை ஒடிக்கும். ஓலை கொஞ்சம் காற்றை உள்ளே விடும்.

பழமரம்

இதில் போட்டியே கிடையாது, தரைதான். பெரிய டிரம்மில் மாதுளை வைத்து மாடியில் காய் பறிப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் டிரம்முக்கு ஊற்றும் தண்ணீரில் மூன்று மரம் வளர்க்கலாம்.

சப்போட்டா உப்பையும் காற்றையும் பொறுக்கும். காய்க்க மூன்று, நாலு வருடம் ஆகும் என்பதுதான் குறை. இலந்தையும் மாதுளையும் ஓரளவு தாங்கும். மாவும் எலுமிச்சையும் தாங்காது. பப்பாளி ஒரு வருடத்துக்குள் காய்க்கும், ஒரே காற்றில் விழவும் செய்யும். அதனால் சுவரின் மறைவில் மட்டும் வைப்பேன். முருங்கையை விதை போட்டு இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பாவம் பார்த்து விட்டால் ஒற்றைக் கொம்பாய் உயர்ந்து, மார்கழிக் காற்றில் படக்கென்று முறியும்.

மதினியின் பைகள் என்ன ஆயின? தட்டுகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பைக்கும் அதன் கொள்ளளவுக்குச் சமமாக நல்ல தண்ணீர் ஊற்றி வடியவிட்டோம். அதற்கு லாரித் தண்ணீரைத்தான் வாங்க வேண்டியிருந்தது, வயிறு எரிந்தது. அந்த ஐப்பசியில் மொட்டைமாடித் தண்ணீரை டிரம்மில் பிடிக்கக் குழாய் போட்டோம். 500 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 460 லிட்டர். நல்ல மழைக்கு இரண்டு டிரம் நிரம்பி வழிகிறது. இப்போது மாடியில் ஆறு பைதான்: கீரை, மிளகாய், ஒரு தக்காளி, எல்லாம் மழைத் தண்ணீரில். வீட்டுக்குப் பின்னால் மூன்றடி அகல மணல் சந்தில் கொத்தவரையும் முருங்கையும் போர்த் தண்ணீரிலேயே நிற்கின்றன.

எலுமிச்சை வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை, கிணற்றடியில் ஒன்று வைத்திருக்கிறார். தினமும் குடிதண்ணீரில் ஒரு செம்பு அதற்கு. "கல்யாணம் ஆன வீட்டுல எலுமிச்ச மரம் இல்லாம இருக்கலாமா தம்பி, நீங்க உங்க மீட்டர எடுத்து உள்ள வையிங்க" என்கிறார். போன வாரம் மூன்று புதுத் துளிர் விட்டிருக்கிறதாம், போட்டோ அனுப்பியிருந்தார். ஓரம் கருகவில்லை.