மஞ்சளா, சங்குப்பூவா?

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையிலேயே செய்து பார்க்க, நிறம் மாறும் சோதனைகளுக்கு ஈடே இல்லை என்பேன். ஒரு பொருள் எலுமிச்சைபோல அமிலமா, சோப்புபோலக் காரமா என்று காட்டிக்கொடுப்பதில் நம் வீடுகளில் போட்டி மஞ்சள்தூளுக்கும் சங்குப்பூவுக்கும்தான்.

மஞ்சளுக்குத் தனிச் செலவில்லை. ஒரு தேக்கரண்டித் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலர்த்துங்கள். சோப்புக்கட்டியைக் கரைத்த நீரில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்துப் பிள்ளை தன் பெயரை எழுதட்டும். எழுத்துகள் செங்காவி நிறத்தில் எழும்பி வரும். மேலே எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பு சேர்த்ததும் ஆரத்தி நீர் சிவப்பதும், சட்டையில் சிந்திய குழம்புக் கறை சோப்புப் பட்டதும் சிவப்பதும் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறமியின் வேலைதான். (அந்தக் கறையை வெயிலில் காயப்போட்டால் நாளடைவில் வெளிறும்.) ஆனால் காரத்தைச் சொல்லுமே தவிர, வினிகருக்கும் வெறும் தண்ணீருக்கும் மஞ்சள் வேறுபாடு காட்டாது.

அங்கேதான் சங்குப்பூ முந்துகிறது. நாசி கெராபு என்ற மலாய்ச் சோற்றுக்கும் நோன்யா (பெரனாக்கான்) பலகாரங்களுக்கும் நீலம் ஏற்றும் அதே பூ. ஐந்தாறு பூக்களை வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் கண்ணாடிக் குவளைகளில் பிரித்து ஊற்றுங்கள். கலமான்சி என்ற சிறு எலுமிச்சையின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் ஊதாவாகும். இன்னும் விட்டால் இளஞ்சிவப்பை நெருங்கும். இன்னொரு குவளையில் சமையல் சோடாவைக் கரைத்தால் பச்சை சாயும். பூவில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலம், காரம் என இரு பக்கமும் பேசுகிறது. எத்தனையாவது சொட்டில் நிறம் மாறியது என்று பிள்ளையைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். வேடிக்கை அந்த இடத்தில் அறிவியலாகிவிடும். அதனால் தொடக்கப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு என் தேர்வு சங்குப்பூ. சிறியவர்களுக்கு மஞ்சள் தாள் போதும்.

சங்குப்பூச் சாறு நம் வெக்கையில் சீக்கிரம் கெட்டுவிடும். அன்றன்றைக்குத் தயாரிப்பதே நல்லது. பூங்காவில் பூப் பறிப்பது சட்டப்படி குற்றம். தொட்டியில் வளர்த்த பூவோ கடையில் விற்கும் உலர்ந்த பூவோ போதும். ஊதா முட்டைக்கோசும் இதே வேலையைச் செய்யும், ஆனால் வேகவைத்த வாடை வீட்டைவிட்டுப் போகாது.

எந்தப் பொருளை எடுத்தாலும் வெந்நீரையும் சுண்ணாம்பையும் பெரியவர்களே கையாளவேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். பிளீச் திரவத்தைச் சோதனைப் பக்கமே கொண்டுவராதீர்கள். வினிகரோ எலுமிச்சையோ அதில் சேர்ந்தால் குளோரின் நச்சுவாயு கிளம்பும். குளிரூட்டிக்காக ஜன்னலைச் சாத்திய அறையில் ஆபத்து இன்னும் கூடுதல்.