மாருதி 800 எஞ்சினை போரிங் கொடுக்கிறீர்களா? ஹெட் மாட்டித் தந்தால் வாங்காதீர்கள்

பழைய மாருதி 800-ஐ வீட்டு வாசலில் நிறுத்தி, தானே பிரித்து வேலை பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரேக், கிளட்ச், வயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வீட்டிலேயே முடித்துவிடலாம். ஒரு ஜாக், இரண்டு ஸ்டாண்டு, நல்ல ஸ்பானர் செட், ஞாயிற்றுக்கிழமை, இவ்வளவுதான் தேவை. எஞ்சின் போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்குவது, மட்டும் வீட்டில் முடியாது, லேத் பட்டறைக்குப் போய்த்தான் தீரவேண்டும். நான் ஏமாந்தது அங்கேதான்.

வண்டி அப்பா வாங்கிய 1997 மாடல். 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், நாலு கியர். இந்த வண்டியின் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது என்றாலும், சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் பெரும்பாலான புது சாமான் கிடைத்துவிடுகிறது. புதுசில் கிடைக்காதது புதுப்பேட்டையில் கிடைக்கும். அதனால்தான் இன்னும் இத்தனை பேர் இந்த வண்டியை விடாமல் வைத்திருக்கிறோம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை, அடிக்கடி ஆயில் குறைவது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் போய்விட்டது என்று தெரிந்தது. எஞ்சினை நானும் மச்சானும் சேர்ந்து இறக்கினோம். சென்னைப் புறநகரில் ஒரு பட்டறை. ஓனர் நன்றாகப் பேசினார். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கை அளந்து, "தேஞ்சிருக்கு சார், அம்பது ஓவர்சைஸ் போட்டுடலாம்" என்றார். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் கம்பெனியில் இருந்து வரும்போது 68.5 மி.மீ. அம்பது ஓவர்சைஸ் என்றால் அரை மில்லிமீட்டர் கடைந்து 69 ஆக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது. பிஸ்டன், ரிங் செட்டை நானே ஜி.பி. ரோட்டில் பில்லோடு வாங்கி, பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். கூலியும் லேத் வேலையும் சேர்த்து 14,000 ரூபாய் பேசினோம்.

ஓனர் இதையும் சொன்னார்: "நீங்க வீட்ல ஹெட் மாட்டினா டார்க், போல்ட் இறுக்கம், சரியா வராது சார். நாங்களே மாட்டி, டைமிங் பெல்ட் வரைக்கும் போட்டுத் தர்றோம். நீங்க வண்டியில ஏத்தினா போதும்." உதவி மாதிரிதான் இருந்தது. ஆனால் ஹெட் என்கிற மேல்மூடியை மாட்டிவிட்டால் உள்ளே இருக்கும் சிலிண்டரும் பிஸ்டனும் நம் கண்ணில் படாது. எஞ்சினும் பளபளவென்று வந்தது. பிளாக்குக்கு சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள், புது கேஸ்கெட் விளிம்பு வெளியே தெரிந்தது.

ஏற்றி ஓட்டினால் புகை போகவில்லை. போன் போட்டேன். "புது ரிங் சார், செட் ஆகணும். ஆயிரம் கிலோமீட்டர் பதமா ஓட்டுங்க."

இந்த பதிலைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். இது முழுப்பொய் இல்லை. போரிங் செய்த எஞ்சினில் ரிங் சிலிண்டர் சுவரோடு படிய நேரம் எடுக்கும், அதுவரை கொஞ்சம் ஆயில் குடிக்கும். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஆமாம் என்பார். அதை வைத்தே அவர்கள் நாளைக் கடத்துகிறார்கள். ஆயிரம் ஓடி முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அதற்குப் பிறகு போனால், "நீங்க எப்படி ஓட்டினீங்களோ, எந்த ஆயில் ஊத்தினீங்களோ" என்று பேச்சு திரும்பிவிடும். எனக்கும் அப்படியே திரும்பியது.

சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் வாங்கி நானே பார்த்தேன். வீட்டில் வேலை பார்க்கிறவர்கள் முதலில் வாங்கவேண்டிய கருவி இதுதான். மூன்று சிலிண்டரும் மூன்று விதமாகக் காட்டின, நடு சிலிண்டர் ரொம்ப மோசம். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடித்தால் முள் மேலே ஏறியது. அப்படி ஏறினால் பழுது ரிங், சிலிண்டர் பக்கம். ஏறாமல் அப்படியே நின்றிருந்தால் வால்வைச் சந்தேகப்பட வேண்டும். புதிதாகக் கடைந்து புது பிஸ்டன் போட்ட எஞ்சினில் ஏன் இப்படிக் காட்டவேண்டும்?

ஹெட்டைக் கழற்றினேன். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் புதுசாய் மின்னின. பார்த்தவுடன் வேலை நடந்திருக்கிறது என்றுதான் தோன்றும். விரலை உள்ளே விட்டு மேல் விளிம்பை நோக்கி நகத்தை இழுத்தேன். வாயில் இருந்து கொஞ்சம் கீழே நகம் தட்டி நின்றது. பல வருஷம் ஓடிய சிலிண்டரில் ரிங் உரசும் பகுதி மட்டும் தேயும். அதற்கு மேலே, ரிங் போகாத இடம் தேயாமல் ஒரு மேடாக நிற்கும். சிலிண்டரைக் கடைந்திருந்தால் முதலில் போகவேண்டியது அந்த மேடுதான். அது அசையாமல் இருந்தது. கடையாமல், சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கல்லை ஓட்டிக் கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து பிஸ்டன். தலையில் படிந்த கரியைப் பெட்ரோல் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் அதன் அளவைத் தலையிலேயே குத்தியிருப்பார்கள். நான் வாங்கிய பெட்டியைக் கடையிலேயே திறந்து போட்டோ எடுத்து வைத்திருந்ததால் எங்கே 50 என்று இருக்கவேண்டும் என்று தெரியும். அங்கே ஒன்றும் இல்லை. வெளியே எடுத்தபோது ரிங் காடிக்குள் பழைய கரி கல்லாக உட்கார்ந்திருந்தது. என் பழைய பிஸ்டனையே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஸ்டாண்டர்டு சைஸ் புது ரிங் மாட்டியிருக்கிறார்கள். நான் கொடுத்த புது செட் எந்தக் கடைக்குப் போனதோ.

பேச்சோடு விட மனமில்லை. பிளாக்கை வேறொரு லேத்துக்குக் கொண்டுபோய் சிலிண்டர் விட்டத்தைக் காட்டும் போர் கேஜ் வைத்து அளக்கச் சொன்னேன். தேய்மானத்தோடு சேர்த்து அதிகபட்சம் 68.62. அவர் அளவை ஒரு சீட்டில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். 69 இருக்கவேண்டிய இடம் அது.

சீட்டோடு போனேன். ஓனர் போட்டோவைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை செய்கிற சின்னப் பையனைக் கைகாட்டினார்: "இவன் ரெண்டு எஞ்சின் சாமானை மாத்திட்டான் போல சார்." பிஸ்டன் மாறலாம் அண்ணே, போரிங் எப்படி மாறும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு இறங்கிவந்து ஒரு யோசனை சொன்னார். "புதுப்பேட்டை சரக்கு, நல்ல ஹாஃப் எஞ்சின் ஒண்ணு இருக்கு. காசு வேணாம், அதைப் போட்டுக்குங்க."

இதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். ஹாஃப் எஞ்சின் என்றால் பிளாக்கே மாறுகிறது, எஞ்சின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது. நம் வண்டிகள் பெரும்பாலும் பதினைந்து வருஷம் தாண்டியவை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கவேண்டும், என்னுடையது கடைசியாக 2022-ல் ஆனது. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்கும்போது ஆர்.சி.யில் ஒரு நம்பரும் பிளாக்கில் வேறொரு நம்பரும் இருந்தால் பதில் சொல்லவேண்டியது நாம்தான். எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் பதியவேண்டும். அதற்கு அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற பில் வேண்டும். காசு வேண்டாம் என்று கொடுக்கிற எஞ்சினுக்கு பில் எங்கே இருக்கும்? திருட்டு வண்டியினுடையதாக இருந்துவிட்டால் கதையே வேறு.

இரண்டாவது லேத்தில் வேலையைக் கொடுத்தபோது முறையை மாற்றிக்கொண்டேன். கடைவதற்கு முன்னும் பின்னும் அளவு எழுதி வாங்கினேன். பிளாக்கை வெறும் பிளாக்காகவே வீட்டுக்குக் கொண்டுவந்து, பிஸ்டனை நானே மாட்டினேன். டார்க் ரெஞ்ச் ஒன்று கையில் இருந்தால், சர்வீஸ் மேனுவலில் சொன்ன வரிசையில் ஹெட் போல்ட்டை முடுக்குவது பெரிய வித்தை இல்லை. அனுப்புகிற ஒவ்வொரு சாமானிலும் கண்ணில் படாத இடத்தில் சின்னதாக ஒரு பஞ்ச் அடையாளம் குத்தினேன். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் திரும்ப வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் பிளாக்கை அப்படியே திருப்பி எடுத்து வந்திருப்பேன்.

டிங்கரிங் பக்கம், துருப்பிடித்த தகட்டைப் பட்டி என்கிற பசையால் பூசி மறைக்கும் வேலையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இப்போதைக்கு ஒன்று மட்டும்: பெயிண்ட் அடிப்பதற்கு முன் ரன்னிங் போர்டிலும் பின் சக்கர வளைவிலும் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தடிப்பாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பணம் கேட்டு நடந்து பார்த்தேன், நடக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்தேன். பட்டறை தரப்பில் அதற்கும் அசையவில்லை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். பட்டறையில் பில் தரவில்லை. ஆனால் கையால் எழுதிய எஸ்டிமேட், யு.பி.ஐ.யில் பணம் போன விவரம், பிஸ்டன் பில், இரண்டாவது லேத்தின் அளவுச் சீட்டு எல்லாம் இருக்கின்றன. வழக்கு நடப்பதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை.

வண்டி இப்போது புகை இல்லாமல் ஓடுகிறது. என் கார்புரேட்டரையும் முதல் பட்டறைக்காரர்கள் மாற்றியிருக்கிறார்கள் என்று போன வாரம் டியூன் செய்யும்போதுதான் தெரிந்தது. சோக் கம்பி பிடிக்கும் கிளிப்பில் அப்பா போட்ட பச்சை பெயிண்ட் அடையாளம் இதில் இல்லை. அதையும் புகாரில் சேர்க்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.