வெயிலில் நின்றுபோகும் மோட்டார்ஹோம் ஜெனரேட்டர்: உள்ளதைச் சரிசெய்வதா, இன்வெர்ட்டர் ஜெனரேட்டருக்கு மாறுவதா?

அமெரிக்காவில் அரிசோனா, நெவாடா பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருப்பவர்களிடம் ஒரே புலம்பல்தான். ஜெனரேட்டரைப் போட்டுக் கூரை ஏசியை ஓடவிட்டால் முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு திணறும், இரண்டு முறை இருமும், நின்றுவிடும். அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். 2023-ல் பீனிக்ஸ் நகரில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, 31 நாள் தொடர்ச்சியாக, பகல் உச்சம் 110 ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 செல்சியஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. அப்படிப்பட்ட வெயிலில் வண்டிக்குள் கைக்குழந்தையோ, வயதானவரோ, நாயோ இருக்கும்போது ஏசி நின்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த நிலையில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். வண்டியோடு வந்த ஓனன் 4000 வாட் பெட்ரோல் ஜெனரேட்டரைச் சரிசெய்து ஓட்டு என்பது ஒன்று. அதை மூட்டைகட்டிவிட்டு ஹோண்டா 2200 மாதிரி இரண்டு சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் (பாரத்துக்கு ஏற்ப எஞ்சின் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை) வாங்கி வெளியே வைத்து ஓட்டு என்பது இன்னொன்று. எல்லாவற்றையும் விட்டு லித்தியம் பேட்டரிக்குப் போ என்பது மூன்றாவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளதைச் சரிசெய்வதுதான் சரி. பத்து மணி நேர வேலையில் தீரக்கூடிய கோளாறுக்காக நல்ல ஜெனரேட்டரைக் கழற்றி எறிவதை ஏற்க முடியவில்லை.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், நிற்பது எதனால் என்று பிடிக்க வேண்டும். வெயிலில் நிற்கும் எல்லா ஜெனரேட்டரும் சூடேறி நிற்பதில்லை. பலவற்றில் பெட்ரோல் தகராறுதான். குழாயிலும் பம்ப்பிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கும். இதுதான் ஆவியடைப்பு. ஓனனில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நின்றவுடன் ஸ்விட்ச் விளக்கு மூன்று முறை சிமிட்டினால், அதே ஸ்விட்சின் ஸ்டாப் பக்கத்தை மூன்று தடவை அழுத்துங்கள். இரண்டு இலக்கக் குறியீடு சிமிட்டும். 36 வந்தால், கட்டுப்பாட்டுப் பலகை நிறுத்தாமல் எஞ்சினே தானாக நின்றிருக்கிறது என்று அர்த்தம். அடுத்து ஸ்டாப் பக்கத்தை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெட்ரோல் பம்ப் மட்டும் தனியாக ஓடும் டக் டக் சத்தம் கேட்கும். அதன் பிறகு உடனே எஞ்சின் பிடித்துக்கொண்டால் கோளாறு பெட்ரோல் பக்கம். பம்ப் ஓடியும் பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் டெஸ்டரைப் போட்டுப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லாமல், ஆறியதும் பொறி வந்தால் இக்னிஷன் காயில் போய்விட்டது. அதை மாற்றினால் தீர்ந்தது.

பெட்ரோல் பக்கம் என்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது டேங்க் அளவு. ஜெனரேட்டரும் வண்டியின் டேங்கிலிருந்துதான் பெட்ரோல் இழுக்கும், ஆனால் அதற்கான உறிஞ்சு குழாய் டேங்கின் அடிவரை போகாது. வண்டி நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்று கால் டேங்க் மட்டத்திலேயே வெட்டிவிட்டிருப்பார்கள். அந்த மட்டத்துக்குக் கீழே வந்தால் காற்றைத்தான் இழுக்கும். மட்டம் கொஞ்சம் மேலே இருந்தாலும், இருக்கிற சொற்ப பெட்ரோல் சீக்கிரம் சூடேறிவிடும். கோடையில் அரை டேங்குக்குக் கீழே விடாதீர்கள். அடுத்தது டேங்க் மேல் உள்ள ரப்பர் ஹோஸ். பத்து வயது ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெட்ரோல் சொட்டாது, ஏனென்றால் அங்கே உறிஞ்சல்தான், அழுத்தம் இல்லை. காற்று உள்ளே போகும், எஞ்சின் திணறும். ஆவியடைப்பு என்று நினைத்து ஆறு மாதம் அலைபவர்கள் உண்டு. கடைசியில் ஒன்றரை அடி ஹோஸ்தான் காரணமாக இருக்கும். பெட்ரோல் ஃபில்டரையும் இதோடு மாற்றிவிடுங்கள். அடைத்த ஃபில்டரில் உறிஞ்சல் கூடும், உறிஞ்சல் கூடினால் பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இன்னொன்று: அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி பம்ப்புகளில் கோடைக் கலவை பெட்ரோல் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைதான் கட்டாயம். குளிர்காலக் கலவை சீக்கிரம் ஆவியாகும். மார்ச் மாதம் நிரப்பிய டேங்கோடு மே மாத வெயிலில் இறங்கினால் தகராறு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நின்றால்தான் அது உண்மையான சூடேற்றம். அங்கே எல்லாமே காற்றுப் பாதையைப் பொறுத்தது. இந்த ஒப்பீட்டில் என் முடிவைத் தீர்மானிப்பதும் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது. விசிறி இழுக்கும் காற்று, தகட்டு உறைக்குள் அடைபட்டு, சிலிண்டரின் மெல்லிய அலுமினியச் செதில்களுக்கு இடையே போய் வெளியேற வேண்டும். அவ்வளவுதான் குளிர்விப்பு. பாலைவனத்தில் இரண்டு வருடம் ஓடிய ஜெனரேட்டரின் உறையைக் கழற்றிப் பாருங்கள்: செதில்களின் நடுவே ஆயில் கசிவும் நுண்மணலும் சேர்ந்து, காய்ந்த களிமண் போல் இறுகியிருக்கும். சில வண்டிகளில் எலி கூடு கட்டியிருக்கும், சிலவற்றில் குளவி மண்கூடு வைத்திருக்கும். வெளியிலிருந்து டார்ச் அடித்தால் எதுவும் தெரியாது. உறையைக் கழற்றாமல் 'சுத்தமாத்தான் இருக்கு' என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உறையைக் கழற்றி, நைலான் பிரஷ்ஷால் செதில்களைத் தேய்த்து, குறைந்த அழுத்தக் காற்றால் காற்று வெளியேறும் பக்கமிருந்து நுழையும் பக்கமாக ஊதுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அது மண்ணை இன்னும் உள்ளே தள்ளும், ஆல்டர்னேட்டரிலும் கட்டுப்பாட்டுப் பலகையிலும் தண்ணீர் ஏற்றும். திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்க்ரூகூட விடக் கூடாது. உறையில் இடைவெளி இருந்தால் காற்று சிலிண்டரைச் சுற்றாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும். சூடாகிறதே என்று முன்மூடியைத் திறந்து வைத்து ஓட்டுபவர்கள் செய்வதும் இதே தவறுதான். காற்றுப் பாதை உடைந்து எஞ்சின் இன்னும் சூடாகும்.

ஜெனரேட்டர் பெட்டிக்குள் சத்தத்தைக் குறைக்க ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சையும் பாருங்கள். பழைய பசை வெயிலில் விட்டுப்போய் ஸ்பாஞ்ச் தொங்கும். எஞ்சின் ஓடும்போது விசிறி அதை இழுத்துக் காற்று நுழைவாயிலில் ஒட்டவைத்துவிடும். நிறுத்தியதும் அது மீண்டும் பழைய இடத்துக்கே போய்விடுவதால் கண்ணில் படாது. அடுத்தது வெளியேறிய சூடான காற்று மறுபடி உள்ளேயே நுழைவது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காற்றை அளக்காது. சமையலறையில் பயன்படுத்தும் குச்சித் தெர்மாமீட்டரை நுழைவாயிலில் தொங்கவிட்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். வெளி நிழலைவிட 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டினால் சுழற்சி நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இது பட்டறிவில் வந்த அளவு, கையேட்டு அளவு அல்ல. பெட்டியின் விளிம்பு ரப்பர் பட்டைகளைப் புதுப்பித்தாலே பாதி குறையும். வண்டியைத் தார்த்தளத்தில் நிறுத்தாமல் சரளை மண்ணில், ஜெனரேட்டர் பக்கம் நிழல் விழும்படி நிறுத்தினால் மீதியும் குறையும். காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். மப்ளர் (சைலன்சர்) சூட்டில் பற்றிக்கொள்ளும்.

மப்ளரில் உள்ள, தீப்பொறி வெளியே பறக்காமல் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டரில் கரி அடைத்தால் புகை வெளியேற முடியாமல் எஞ்சின் சூடேறும். அதன் சிறு பிளக்கைக் கழற்றி, பாரம் கொடுத்து (ஏசி போன்றதை ஓடவிட்டு) ஐந்து நிமிடம் ஓட்டினால் கரி வெளியே வந்துவிடும். ஆயில் இந்த எஞ்சினில் ஒன்றரை லிட்டர்தான். அதில் கால் லிட்டர் குறைந்தாலே சூட்டில் தெரியும். கோடையில் தினமும் டிப்ஸ்டிக் பாருங்கள். புழுதியிலும் வெயிலிலும் ஓட்டினால் கையேட்டில் சொன்ன இடைவெளியைப் பாதியாக்கி மாற்றுங்கள்.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4000 வாட் என்றால் 120 வோல்ட்டில் 33 ஆம்பியர். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குச் சுமார் 3.5 சதவீதம் திறன் குறையும். 15,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசி, 43 டிகிரியில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மைக்ரோவேவுக்கு 12, 13. வாட்டர் ஹீட்டரை மின்சாரத்தில் விட்டால் இன்னொரு 12. பேட்டரி சார்ஜருக்கு ஏழெட்டு. கூட்டிப் பாருங்கள், எல்லை தாண்டிவிட்டது. ஃபிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் கேஸுக்கு மாற்றுங்கள். கூரைக்கு ஏறி ஏசியின் கண்டென்ஸர் செதில்களைக் கழுவுங்கள். அங்கே தூசு அடைத்தால் கம்ப்ரசர் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், அதன் சூடு கீழே ஜெனரேட்டரில் தெரியும். ஜெனரேட்டர் கோளாறுக்குக் கூரையில் மருந்து இருப்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் சரியாகிவிடும் என்று விற்கிறார்கள். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வரும் பெரிய ஆம்பியர் வீச்சை அது குறைக்கும், உண்மைதான். ஓடத் தொடங்கிய பிறகு இழுக்கும் ஆம்பியரை அது குறைக்காது. முக்கால் மணி ஓடி நிற்கும் ஜெனரேட்டருக்கு அதனால் பயன் இல்லை. ஏசி கிளம்பும் நொடியிலேயே அணைந்தால் மட்டும் வாங்குங்கள்.

இப்போது இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். ஹோண்டா 2200 தொடர்ச்சியாகத் தருவது 1800 வாட். இரண்டை இணைத்தால் 3600. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 21 கிலோ. சத்தம் குறைவு, பாரம் குறைந்தால் வேகமும் குறையும், பெட்ரோல் மிச்சம். ஒன்று பழுதானால் மற்றது ஓடும். திறந்த வெளியில் நிற்பதால் காற்றோட்டமும் நன்றாக இருக்கும். வாரக்கடைசியில் மட்டும், குளிர்ந்த மலைப்பகுதிகளுக்குப் போகிறவர்களுக்கு இது போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாலைவனக் கோடைக்கு என்று வந்தால் கணக்கு மாறுகிறது. முழுப் பாரத்தில் ஒரு டேங்க், அதாவது 3.6 லிட்டர், சுமார் மூன்று மணி நேரம்தான் வரும். இரவு முழுக்க ஏசி ஓட வேண்டுமென்றால் நடு இரவில் எழுந்து போய், கொதிக்கிற எஞ்சின் பக்கத்தில் கேனோடு நிற்க வேண்டும். அணைத்து, ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சூடான மப்ளரில் நாலு சொட்டு விழுந்தால் தீ. 43 டிகிரியில் பெட்ரோல் கேனை வண்டிப் பெட்டிக்குள் எங்கே வைப்பது என்பதும் கேள்வி. திருட்டுக்குப் பயந்து சிலர் ஜெனரேட்டரை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி ஓட்டுகிறார்கள். அப்போது எந்தச் சூட்டிலிருந்து தப்பிக்க வாங்கினார்களோ அதற்குள்ளேயே அதை அடைத்துவிடுகிறார்கள், ஓனனுக்கு இருக்கிற உறையும் காற்றுப் பாதையும்கூட இல்லாமல். ஜன்னலுக்குக் கீழே வைத்துத் தூங்குவதால் வரும் கார்பன் மோனாக்சைடு ஆபத்தும் சேர்கிறது. விற்கும்போதும் ஜெனரேட்டர் இருந்த இடம் காலியாக இருந்தால் வாங்க வருபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

லித்தியம் பேட்டரி அருமையான பொருள், ஆனால் இந்தக் கேள்விக்கு விடை அல்ல. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய 1280 வாட்-மணி. 1500 வாட் ஏசி ஒரு மணி நேரம்கூடத் தாண்டாது. நான்கு வைத்தாலும் மூன்று மணி நேரம்தான், பிறகு சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டரிடமே போக வேண்டும்.

டீசல் ஓனன் இருக்கும் பெரிய வண்டிகளில் கதை வேறு: அங்கே ரேடியேட்டரும் கூலன்ட்டும் உண்டு. ரேடியேட்டரின் உள்பக்கம் ஆயில் படிந்த தூசுதான் முதல் சந்தேகம். வெளிப்பக்கத்தை மட்டும் கழுவினால் பலன் இருக்காது.

சரிசெய்த ஜெனரேட்டரைக் கோடை வருமுன் சோதித்துவிடுங்கள். ஏப்ரல் மாதமே, வெயில் ஏறிய மதியத்தில், ஏசியோடு இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அதன் பிறகும் மாதம் ஒரு முறை பாதிப் பாரத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசின் கட்டாது. அணைக்கும் முன் ஏசியை நிறுத்திவிட்டு மூன்று நான்கு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். செதில்களில் தேங்கிய சூடு பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் ஏறாமல் விசிறிக் காற்றோடு வெளியேறிவிடும்.